அரிசிக்குள் ஒரு தேசப்படம்

நம் பக்கத்துக் கல்யாண விருந்தில் கவுனி அரிசிக்குத் தனி இடம் உண்டு. அதன் கருநிறம் மணியின் மேலுள்ள தவிட்டுத் தோலில் இருக்கிறது. தீட்டினால் நிறம் போய்விடும். ஆனால் எந்த அரிசியைத் தீட்டினாலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடன் போகிறது. அதுவே இரும்புச் சத்து.

அரிசியை எரித்துச் சாம்பலைச் சோதித்தால் இரும்பு எவ்வளவு என்பது தெரியும். எங்கே என்பது தெரியாது. அதைக் காட்டுவது எக்ஸ் கதிர். இக்கதிர் பட்டதும் அணுவின் உள்வட்ட எலெக்ட்ரான் ஒன்று வெளியேறுகிறது. காலியான இடத்திற்கு வெளிவட்டத்திலிருந்து வேறொன்று இறங்கும்போது புதிய எக்ஸ் கதிர் பிறக்கிறது. அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். இவ்வொழுங்கை 1913-இல் மோஸ்லி என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்தார். நுண்ணிய கதிரை அரிசித் துண்டின்மேல் புள்ளி புள்ளியாக நகர்த்தினால், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு தேசப்படம் கிடைக்கும். இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா ஆய்வு மையத்தின் 'இண்டஸ்-2' இயந்திரத்தில் இவ்வசதி உண்டு.

இத்தகைய படங்களில் இரும்பு பெரும்பாலும் முளைக்கருவிலும் தவிட்டுத் தோலிலும் தென்படுகிறது. வெண்பகுதியில் மிகக் குறைவு. அதே தோலில் பாஸ்பரசும் நிறைந்திருக்கிறது. அது ஃபைட்டேட் என்னும் பொருளாக இருந்து இரும்பைப் பற்றிக்கொள்வதால், உடல் அதை எளிதில் ஏற்பதில்லை. நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி இத்தடையைத் தளர்த்துகிறது.

தோழியரே! ரத்தசோகை நம் பெண்களிடையே மிகுதி. ஆகவே வெண்மையே நன்மை என்று எண்ண வேண்டாம். தீட்டாத அரிசிச் சோற்றோடு இலையில் ஒரு துண்டு நெல்லிக்காயும் இருக்கட்டும்.