காலத்தில் கற்க வேண்டிய பாடங்கள்

எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்டால், "நல்ல வேலைக்குச் செல்ல" என்று நம்மில் பலர் உடனே விடை கூறுவோம். எந்த வேலை, அதற்கு எந்தப் படிப்பு என்று கேட்டால் விழிப்போம். தொழிலில் உயர்ந்தோர், "இதை முன்பே அறிந்திருந்தால்!" என்று எண்ணிய பாடங்கள் சில உண்டு. அவற்றைக் காண்போம்.

முதற்பாடம், விசாரித்து அறிதல். இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, அங்கேயே பி.எஸ்ஸி. இயற்பியல் பயின்றார். வேறு படிப்புகள் இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பட்டம் பெற்ற பின்னரே, தம் கனவுக்கு ஏற்றது பொறியியல் என உணர்ந்தார். இண்டர்மீடியட் முடித்தவுடனே அதில் சேர்ந்திருக்கலாமே என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் குறிப்பிடுகிறார். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். ஒரு படிப்பின் பின்னால் ஒரு குடும்பத்தின் தியாகம் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால், காலம் தாழ்ந்தவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு என்பதே இரண்டாம் பாடம். அதற்குச் சான்று நம் திண்டுக்கல் அருகிலேயே இருக்கிறது. 1904ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் சௌந்தரம் அம்மையார், இளம் வயதிலேயே மணமுடிக்கப்பட்டுக் கணவரை இழந்தவர். துயரத்தில் மூழ்கிவிடாமல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32ஐ ஒட்டியிருக்கும். பின்னர் ஜி. இராமச்சந்திரன் அவர்களை மணந்து, 1947இல் இருவரும் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சிறிய மருத்துவ நிலையமாகத் தொடங்கிய பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. அங்குள்ள கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பட்டணத்தில் பொருள் ஈட்டியிருக்கக்கூடிய ஒரு மருத்துவர், தேவை உள்ள இடத்தைத் தேடி வந்ததால் நம் ஊர் பயன்பெற்றது.

மூன்றாம் பாடம், தோல்வியைத் தாங்குதல். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் கலாம் அவர்கள் தலைமையில் ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் வீழ்ந்தது. அவருக்கு மேலதிகாரியான பேராசிரியர் சதீஷ் தவான் அப்பழியைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18இல் வெற்றி கிட்டியபோதோ, நிருபர்களிடம் பேசக் கலாமையே அனுப்பினார். இத்தகைய பண்பு எந்தத் தேர்விலும் மதிப்பெண் பெறுவதில்லை. ஆனால் பணியிடத்தில் பெரிதும் மதிக்கப்படுகிறது.

தோழியரே, பொதுத்தேர்வு முடிந்ததும் மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணிதம் படிக்காதவர் பொறியியலுக்கும், உயிரியல் படிக்காதவர் மருத்துவத்திற்கும் பின்னர் திரும்புவது எளிதன்று. தோழி சேர்ந்த பிரிவில் நானும் சேர்வேன் என்பது தகுந்த காரணமாகாது. விடுமுறை நாட்களில் செவிலியர், வங்கி ஊழியர், ஆசிரியை, தையற்கடை நடத்தும் அக்கா என நாம் அறிந்தவர்களை அணுகி, "நீங்கள் முன்பே தெரிந்துகொள்ள விரும்பியது என்ன?" என்று கேட்போம். பெற்றோரும், மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் முன் அவள் விருப்பத்தைக் கேட்பார்களாக!

- பத்தாம் வகுப்பு மாணவி