சைரன் வண்டிக்குள் இரண்டு பேர்

தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? "ஐயோ பாவம், யாருக்கு என்னவோ!" என்று ஒரு நிமிஷம் கலங்கிவிட்டு, அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். உள்ளே படுத்திருப்பவருக்காக வேண்டிக்கொள்கிற நாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை நினைப்பதே இல்லை.

தமிழ்நாட்டில் 108 வண்டி ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுகிறவருக்கு 'பைலட்' என்று பெயர். (நம் ஊர்த் தெருக்களில் ஓட்டுவதற்கு அந்தப் பெயர் தகும்!) இன்னொருவர் மருத்துவ உதவியாளர். டாக்டர் அல்ல, ஆனால் உயிர் போகிற நேரத்தில் செய்ய வேண்டியதற்குப் பயிற்சி பெற்றவர். பன்னிரண்டு மணி நேரம் வேலை, ராத்திரி பகல் பார்க்காமல்.

போன மழைக்காலத்தில், எதிர்வீட்டு மருமகளுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வலி கண்டது. இரண்டாவது பிரசவம். மாமியாரோடு நானும் வண்டியில் ஏறினேன். உதவியாளராக வந்தவள் என் மூத்த மகள் வயசுப் பெண். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. அவள் பதறவேயில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். கையுறை மாட்டினாள். "நான் இருக்கேன்க்கா, பயப்படாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

குழந்தை வீல் என்று அழுததும் ஈரம் போகத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சின் மேலேயே போட்டுத் துணியால் மூடினாள். கொடியின் துடிப்பு அடங்கிய பிறகே கிளிப் போட்டு வெட்டினாள். "குளிப்பாட்ட வேணாமா?" என்று மாமியார் கேட்டார். "இப்ப வேணாம்மா, குழந்தை சில்லிட்டுப் போயிடும். அம்மா சூடுதான் அதுக்குக் கம்பளி."

பையனா, பெண்ணா, மூக்கு யார் மாதிரி என்று நாங்கள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கண்ணெல்லாம் தாயின் மேல். போனில் டாக்டரைக் கேட்டு ஊசி போட்டாள். நஞ்சு விழுந்த பிறகு அடிவயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டுமாம். தளர்ந்து கிடந்தால் ரத்தம் குழாயைத் திறந்துவிட்டாற்போலப் போகும். அரை லிட்டர் போனாலே ஆபத்துக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பிள்ளை பெற்ற தாய்மார்களின் உயிரை அதிகம் வாங்குவது இதுதான். முன்பெல்லாம் 'ஜன்னி கண்டது, போய்விட்டாள்' என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் இப்படிப் போனார்களோ!

ஆஸ்பத்திரியில் தாயையும் சேயையும் ஒப்படைத்த பிறகு, "உனக்கு இந்த வேலையில் எது கஷ்டம்?" என்று கேட்டேன். ரத்தம், தூக்கம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"வீடு கண்டுபிடிக்கிறதுதாம்மா! இருட்டுல கதவு நம்பர் எங்க தெரியுது? கோயில், ரேஷன் கடைன்னு அடையாளம் சொல்லணும். ஒருத்தர் டார்ச்சோட தெருமுனையில நின்னா போதும். கூப்பிட்ட போனை வேற யாரோடயாவது பேசிக்கிட்டு இருக்கக் கூடாது, நாங்க வழி கேப்போம்ல? மயங்கிக் கிடக்கிறவங்க வாயில சோடா ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். கர்ப்பிணி வீட்டுல செக்கப் ஃபைலை ஒரு பையில போட்டு வாசல் பக்கமா மாட்டி வைக்கச் சொல்லுங்க."

பேசிக்கொண்டே ஸ்ட்ரெச்சரைக் கழுவித் துடைத்தாள். நான் வாங்கி வந்த காப்பியில் பாதிதான் குடித்திருப்பாள். பைலட் தம்பி ஹாரனைத் தட்டிக் கூப்பிட்டான். பைபாஸில் லாரி மோதலாம்.