மலைப்பாம்புக் குஞ்சும் அதன் இருப்பிடமும்



"வெங்கிணாந்திக் குஞ்சு ஒன்று அகப்பட்டிருக்கிறது, அதை எதற்குள் வைத்து வளர்க்கலாம்?" என்னும் வினா இறக்காமம் போன்ற ஊர்களில் புதுமையானதன்று. குளமும் வயலும் பற்றைக்காடும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர் அது. முட்டையிலிருந்து வெளிவந்து அதிக நாட்களாகாத, ஒரு முழத்துக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள குஞ்சு வரப்போரத்தில் கண்ணிற்படுவதுண்டு. நஞ்சு இல்லை, மேனியோ சித்திரம் வரைந்தாற் போன்றது. பிள்ளைகள் ஆசைப்படுவதில் வியப்பென்ன?

ஆயினும் சட்டம் கூறும் விடையை முதலிற் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நமது மலைப்பாம்பு காக்கப்பட்ட உயிரினமாகும். அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறே தடுக்கிறது. ஆகவே வயலிற் கண்ட குஞ்சை அங்கேயே விட்டுவிடுக. வயல் எலியை உண்டு நமக்கு உதவும். வீட்டுக்குள் புகுந்ததாயின் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாருக்கு அறிவித்தல் வேண்டும்.

இனி, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் சட்டப்படி வாங்கி வளர்க்கும் பாம்பு வேறொன்று. அது ஆபிரிக்காவின் மேற்கு, மத்திய பகுதிகளுக்குரிய அரச மலைப்பாம்பு. அஞ்சினால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்ளும். அதற்கு ஏற்ற வீடு எதுவென்று அறிந்தால், நம்மூர்க் குஞ்சு போத்தலுக்குள் ஏன் வாடி மடிகிறது என்பதும் விளங்கும்.

பாம்பு தன் உடலுக்கு வேண்டிய சூட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பெறுகிறது. விதிவிலக்கு உண்டு. அடைகாக்கும் பர்மிய மலைப்பாம்பு, அறை குளிரக் குளிரத் தன் தசைகளை அடிக்கடி நடுங்கச் செய்து முட்டைகளுக்குச் சூடேற்றுவதை நியூயோர்க் விலங்கினச்சாலையில் ஆராய்ந்தோர் 1966இல் அறிவித்தனர். குஞ்சுக்கோ அவ்வாற்றல் இல்லை. சூடு போதாவிட்டால் உண்ட இரை செரியாது, கக்கிவிடும். மிகுந்தாலோ உயிர் போகும். ஆகவே பெட்டியின் ஒரு முனை 31 அல்லது 32 பாகை செல்சியஸ், மறுமுனை 26 பாகையளவு என வேறுபட்டிருத்தல் வேண்டும். சூடு வேண்டும்போது ஒரு பக்கமும், வேண்டாதபோது மறுபக்கமும் அது தானே நகரும். போத்தலில் எங்கே நகர்வது? இலண்டன் குளிரில் மின் சூடேற்றி அவசியம். அதனுடன் சூட்டை அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவியும் அவசியம். வயிறு வெந்து புண்ணாகும் வரை விலகாமற் கிடக்கும் பாம்புகளும் உள. நம் நாட்டு வெயிலில் யன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டியோ சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும்.

அடுத்தது மறைவு. கடைக்காரர் காட்டும் பெரிய கண்ணாடித் தொட்டி, பார்ப்பவருக்கு அழகே தவிரப் பாம்புக்கு அன்று. நாற்புறமும் வெளிச்சம் பட்டால் குஞ்சு அஞ்சி இரையைத் தொடாது. பெட்டி பெரிதாயிருப்பதிற் குற்றமில்லை, வெட்டவெளியாயிருப்பதே குற்றம் என்பது என் கருத்து. பாம்பு உடலை நீட்டிப் படுக்க இடமிருக்கட்டும். சூடான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக இரு மறைவிடங்கள் இருக்கட்டும். வாய் குறுகிய சிறு மட்பாண்டத்தைச் சரித்து வைத்தாற் போதும். விலாவில் மண் உரசுமளவுக்கு ஒடுக்கமாயிருப்பதையே பாம்பு விரும்பும். அடியில் பழைய பத்திரிகைத் தாள், ஒரு கனமான தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவே.

மூடி கொளுவியுடையதாக இருத்தல் வேண்டும். தலை நுழைந்த துவாரத்தில் உடலும் நுழைந்துவிடும். மேலே செங்கல் வைத்தேன் என்பார் பலர். பாம்புக்கு இரவு முழுவதும் வேறு வேலையில்லை.

அரச மலைப்பாம்பு நாலைந்து அடிக்கு வளரும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்றைய பெட்டி சில ஆண்டுகளிற் போதாது. அமெரிக்காவில் இதைவிடப் பன்மடங்கு பருக்கும் பர்மிய மலைப்பாம்பை வாங்கி, வீடு கொள்ளாமற்போகவே புளோரிடாச் சதுப்பு நிலங்களில் விட்டவர்கள் உளர். 1992ஆம் ஆண்டுச் சூறாவளியில் வளர்ப்பகத்திலிருந்து தப்பியவையும் அவற்றுடன் சேர்ந்தன என்பர். அவை பெருகி அங்குள்ள சிறு பிராணிகளை அருகச் செய்தன. 2012இல் அரசாங்கம் அவ்வினத்தின் இறக்குமதியைத் தடை செய்தது.

சட்டம் இடந்தருமிடத்தில் வளர்க்க விரும்புவோர், பாம்பை வாங்குமுன் வெறும் பெட்டியை ஒரு வாரம் இயங்கவிட வேண்டும். இரு முனைகளிலும் வெப்பமானி வைத்து, காலை, நண்பகல், நள்ளிரவு மூவேளையும் குறித்துக்கொள்க. கணக்கு ஏழு நாளும் ஒத்துவந்த பின்னரே கடைக்குப் போகலாம்.