மழையில் நனைந்த ஸ்பூல் டேப்: உள்ளே இருக்கும் குரலை மீட்க முடியுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் வெள்ளக்காடாகின. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது.

இப்படி ஒரு மழை ஓய்ந்ததும் டிவி, ஃபிரிட்ஜ் என்னாச்சுன்னு பார்ப்போம். பீரோ அடித்தட்டில் கிடக்கும் பழைய ஸ்பூல் டேப்பை யாரும் கண்டுக்கறதில்லை. ஆனால் தாத்தாவின் குரலோ, ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தோ அதில் இருக்கலாம். பெரும்பாலும் அதற்கு வேறு நகலே இருக்காது.

உடனே ஓட்டிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகள்களை ஒரு பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. ஒலி பதிவாகியிருப்பதும் அந்தத் துகள்களில்தான். ஈரத்தோடு ஓட்டினால் துகள் உரிந்து வந்துவிடும். போனது போனதுதான்.

முதலில் என்ன செய்யணும்?

* பெட்டியில் எழுதியிருப்பதை உடனே போட்டோ எடுங்க. மை கரைந்தால் எந்த டேப் எதுன்னே தெரியாது.
* சேறு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் மெதுவாக அலசுங்க.
* நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்க. வெயில், ஹேர் டிரையர், ஃபிரீசர் மூன்றும் வேண்டாம்.

வெள்ளம் படாத டேப்புக்கும் ஆபத்தா?

ஆமாம். 1970, 80-களில் வந்த சில டேப்புகளின் பசை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகும். ஓட்டினால் கிறீச்சிட்டு நிற்கும். இதற்கு ஆய்வகங்களில் சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை எடுப்பார்கள். பலன் தற்காலிகம்தான் என்பதால், உடனே டிஜிட்டலுக்கு மாற்றியாக வேண்டும்.

வீட்டு ஓவனில் இதை முயற்சிக்க வேண்டாம். அதைவிடப் பழைய அசிடேட் டேப்பைச் சூடாக்கவே கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும், கெட்டுப்போனால் வினிகர் வாடை வரும். இதுதான் அதன் அடையாளம்.

டிஜிட்டலாக மாற்றுவது எப்படி?

ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஓடியே ஆகணும், குறுக்குவழி கிடையாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் வேவ் ஃபைலாகச் சேமிப்பது நல்லது. ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 2 ஜிபி இடம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப தனியாக ஒரு எம்பி3 போதும்.

ஏன் அவசரம்?

டேப் மட்டுமல்ல, அதை ஓட்டும் மிஷினும் உதிரிபாகமும் அரிதாகி வருகின்றன. 2025-ஐ ஒட்டி நிலைமை கைமீறலாம் என யுனெஸ்கோ 2019-லேயே எச்சரித்தது.

மாற்றிய பிறகும் ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீங்க. ஃபைலை இரண்டு இடத்தில் வைங்க, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.