உப்பேறும் கருவிகள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல வாரங்கள் கரை காணாது தொழில் செய்பவை. அக்காலமெல்லாம் படகே வீடு. சமையலும் உறக்கமும் மாலைச் செபமாலையும் அங்கேதான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தொலைவிலிருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. வி.எச்.எப். வயர்லெஸ் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால் நெடுந்தொலைவு போவதில்லை. அக்குறையைத் தீர்ப்பது அரசின் கடமை. ஆயினும், எட்டக்கூடிய அச்சிறு தொலைவையும் உப்பு களவாடிவிடாமல் காப்பது படகிலுள்ளோர் கையிலேயே இருக்கிறது. நாம் இங்கே கூற விழைவது அதைப் பற்றியே.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தெறிக்கும் அலையைக் கண்டு அனைவரும் அஞ்சுவர். கண்ணுக்குப் புலனாகாது காற்றில் வரும் நுண்துளிக்கு அஞ்சுவார் இல்லை. நீர் வற்றும், உப்பு தங்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை நெருங்கினால் அவ்வுப்பு மீண்டும் நீரை ஈர்த்துக் கசியும். மழைக்காலத்து உப்புச் சாடியில் நம் தாய்மார் காண்பதும் இதுவே. கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடோ அதனினும் உலர்ந்த காற்றிலேயே கசியத் தொடங்கும். எனவே, உப்பேறிய கருவி கடலில் முழுவதும் உலர்வது அரிது. அந்த ஈரத்தினூடே மின்சாரமும் பாயுமாயின் செம்பு விரைந்து கரைந்து பச்சைக் களிம்பாகிறது.

எல்லாவற்றினும் வஞ்சகமானது ஆன்டெனாக் கம்பியின் இணைப்பில் ஏறும் களிம்பு. வயர்லெஸ்ஸில் விளக்கு எரியும். அருகிலுள்ள படகின் குரலும் கேட்கும். நம் குரல் மட்டும் தொலைவிற்குச் சேராது. துறைமுகத்தில் பக்கத்துப் படகோடு பேசிப் பார்ப்பது சோதனையே அன்று. சில மைல் கடந்த பின்னர் பேசிப் பார்த்தலே சோதனை.

அவ்விணைப்பைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இழுத்து இறுகச் சுற்ற வேண்டும். மின்சாரத்திற்கு ஈயம் பூசிய செம்புக் கம்பியே ஏற்றது. விலை சற்றுக் கூடுதல்தான். கருவிக்குள் நுழையுமுன் கம்பி கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு அமைத்தால், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். பாட்டரி முனைகளை இறுக்கியபின் அவற்றின்மேல் வாசலின் பூசலாம். கருவியின் வெளிப்புறத்தை நன்னீரில் பிழிந்த துணியால் துடைத்து, பின்பு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்பு இடம் மாறுமேயன்றி நீங்காது.

கைக்கருவி கடல்நீரில் விழுந்தால், உடனே பாட்டரியைக் கழற்றி, நன்னீரில் அலசி, நிழலில் காற்றோட்டமாய் நன்கு உலர்த்திய பின்னரே இயக்கிப் பார்க்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் பரவிவருகிறது. அரிசி ஈரத்தைச் சிறிது ஈர்க்கலாம், உப்பை ஈர்க்காது. குடிநீரை அளந்து செலவிடும் படகில் அலசுவதற்கு நீர் எங்கே என்பார்க்கு, மழை பெய்யும்போது பிடித்து மூடி வைத்த ஒரு வாளி நீர் போதும்.