4 ஜி.பி. கார்டில் அரை ஜி.பி. "குறுணை"! வாங்கியவருக்கு 30 டாலர்

கலிபோர்னியா:
கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்களுக்காக என்விடியா கம்பெனி 2014 செப்டம்பரில் 2 கிராபிக்ஸ் கார்டுகளை இறக்கியது.

ஜி.டி.எக்ஸ். 980 விலை 549 டாலர். 970 விலை 329 டாலர்.

கணக்குப் போடும் "கோர்"கள் அதில் 2048, இதில் 1664. நினைவகம் இரண்டிலும் 4 ஜி.பி. என்றார்கள். வேகத்தில் கொஞ்சம்தான் குறைவு. 220 டாலர் மிச்சம். 970-க்கு கிராக்கி ஏறியது.

குட்டு உடைந்தது

2015 ஜனவரியில் குட்டு உடைந்தது. 980-ல் 4 ஜி.பி.யும் ஒரே வேகம். 970-ல் மூன்றரை ஜி.பி.தான் முழு வேகம். மீதி அரை ஜி.பி. ஆமை வேகம்! 4 படி அரிசியில் அரைப்படி குறுணை கலந்த கதைதான்.

மூன்றரையைத் தாண்டினால் படம் தத்தித் தத்தி ஓடுகிறது என்று புகார் குவிந்தது. விவரப் பட்டியலில் தவறு நேர்ந்துவிட்டதாக கம்பெனி சொன்னது.

வாங்கியவர்கள் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 2016-ல் சமரசம் ஆனது. அமெரிக்காவில் 970 வாங்கியவர்களுக்கு கார்டுக்கு 30 டாலர் தர கம்பெனி சம்மதித்தது. குற்றத்தை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.