டிரோன் பறக்காத நான்கு நாள்

போன சம்பாவில் என் மூன்று ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா பொதிப் பருவத்தில் நின்றது. தேமோர் கரைசல் ஏழு நாள் புளித்து, வடிகட்டித் தயார். மார்பளவு வளர்ந்த பயிருக்குள் கைத்தெளிப்பானோடு நடக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் பக்கத்து ஊர் மகளிர் குழுவில் டிரோன் ஓட்டும் பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்குப் போன். "ஐயா, இன்னைக்கு முடியாதுங்க. மாவட்டம் பூரா டிரோன் பறக்கக் கூடாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. பெரிய தலைவர் யாரோ வர்றாங்களாம்."

விழா நடந்த இடம் எங்கள் வயலிலிருந்து முப்பது கிலோமீட்டர். நான்கு நாளும் அந்தப் பெண்ணுக்கு வேலை போச்சு. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. என் வயலில் பாதிக்குக் கதிர் வெளியே வந்த பிறகுதான் தெளிப்பு.

வங்கியில் சுற்றறிக்கை படித்தே பழகியவன், விதிகளை எடுத்துப் பார்த்தேன். 2021 டிரோன் விதிகளின்படி காவல்துறை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம். ஆனால் எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அறிவிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் காட்ட வேண்டும். பரப்பையும் தேவைக்கு மேல் விரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு நாள் கணக்கு சரிதான். ஆனால் அன்று வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சையாகவே இருந்தது!

காரணம், பல தடைகள் இந்த விதிப்படி வருவதில்லை. பழைய 144 தடை உத்தரவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு, அதன்படிதான் வருகின்றன. செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் வரும், வரைபடத்தில் ஏறாது. வரைபடத்தை நம்பிப் பறக்கவிட்டால் உத்தரவை மீறிய வழக்கு வரும். மிஷினையும் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விடலாம்.

தலைவர்கள் வரும் இடத்தில் ஜாமரும் இருக்கும். அது கட்டுப்பாட்டு அலைவரிசையை அடைத்தால் டிரோன் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும், அல்லது நின்ற இடத்தில் இறங்கும். ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து போனால் காற்று தள்ளும் பக்கம் நகரும். பத்து லிட்டர் கரைசலோடு, சுற்றும் இறக்கையோடு, வரப்பில் ஆள் நிற்கும்போது இது விளையாட்டில்லை. தேமோர் தெளிக்க வந்த டிரோனா, வேறு டிரோனா என்று ஜாமருக்குத் தெரியாது. ஆகவே அந்த இடத்துக்குப் பக்கத்தில் தடை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது கிலோமீட்டர் தள்ளி எதற்கு என்பதுதான் என் கேள்வி. இதைக் கேட்டு எழுத்து மூலம் மனு கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது தெளிப்புக்கு முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். டிரோனின் பதிவு எண், பைலட் சான்றிதழ் இரண்டுக்கும் நகல் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணோடு ஒரு பேச்சும் உண்டு: தடையால் நின்றுபோனால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன், தடை நீங்கிய முதல் காலை என் வயல்தான். கைத்தெளிப்பான் இரண்டுக்கும் வாஷர் மாற்றி வைத்திருக்கிறேன்.